பல் விளக்குவதும் பாத்திரம் விளக்குவதும்

மார்கழி மாதத்தில் ஒரு நாள் காலை, குழாயில் பிடித்த தண்ணீரை வாயில் விட்டுக் கொப்பளித்தபோது மேல்வரிசையின் இடப்பக்கத்தில் ஊசி குத்தியதைப் போல ஒரு கூச்சம் ஓடியது. குளிர்காலத் தண்ணீர் என்று நினைத்து விட்டுவிட்டேன். தை பிறந்து மாசியும் பிறந்த பிறகும், மோர் குடித்தால், ஐஸ்கிரீம் தின்றால், சில நாட்களில் வாயைத் திறந்து மூச்சை இழுத்தால்கூட, அதே இடத்தில் அதே கூச்சம் வந்தது. சொத்தைதான் என்று நானே முடிவு செய்துகொண்டு, பல்லைப் பிடுங்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் இன்னும் ஒரு மாதத்தைக் கடத்திவிட்டுப் பங்குனியில்தான் பல் மருத்துவரிடம் போனேன். அவருக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். சிறு கண்ணாடியை வாய்க்குள் விட்டு இரண்டு நிமிடம் பார்த்தவர், வலியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "சார், நீங்கள் வலது கைக்காரர்தானே?" என்றார்.

கைக்கும் பல்லுக்கும் என்ன தொடர்பு என்று விழித்தேன். அவர் ஒரு முகக்கண்ணாடியைக் கையில் கொடுத்து, இடப்பக்கக் கோரைப்பல்லும் அதற்கு அடுத்த இரண்டு பற்களும் ஈறோடு சேரும் இடத்தைக் காட்டினார். மரத்தை வீழ்த்துவதற்கு அடிமரத்தில் கோடரியால் முதலில் போடும் கொத்தைப் போல, மூன்று பற்களிலும் ஆப்பு வடிவத்தில் ஒரு பள்ளம் இருந்தது. அது சொத்தை இல்லை. நானே தேய்த்துத் தேய்த்து உண்டாக்கியது. வலது கையால் பிரஷ் பிடிப்பவர்களுக்கு இடப்பக்கத்தில்தான் வீச்சு வாட்டமாக அமையும் என்றும், அதனால் அழுத்தமும் அங்கேதான் அதிகம் விழும் என்றும், அதிலும் பல்வரிசையின் வளைவில் துருத்தி நிற்கும் கோரைப்பல்லும் அதன் அண்டைப் பற்களும்தான் முதலில் அகப்படும் என்றும் சொன்னார். எனாமல் என்னும் கவசம் பல்லின் வெளியே தெரியும் பகுதிக்கு மட்டும்தான் உண்டு. அழுத்தம் தாங்காமல் ஈறு மேலே ஏறிவிட்டால் வேர்ப்பகுதி வெளியே வந்துவிடும். அங்கே இருப்பது டென்டின் என்னும் மென்மையான பொருள். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் ஓடுகின்றன, அவற்றில் திரவம் நிறைந்திருக்கிறது. குளிர்ந்த நீரோ காற்றோ பட்டால் அந்தத் திரவம் அசைந்து உள்ளே இருக்கும் நரம்பை உசுப்பிவிடுகிறது. என் மூன்று மாதக் கூச்சத்தின் கதை இவ்வளவுதான்.

வருத்தத்தைவிட அவமானம்தான் எனக்கு அதிகமாக இருந்தது. ஏனென்றால் பல் தேய்ப்பதில் எங்கள் வீட்டில் நான் பேர் போனவன். முழுதாக ஐந்து நிமிடம், நுரை முழங்கை வரை வழியத் தேய்ப்பேன். கடையில் 'ஹார்டு' என்று கேட்டுத்தான் பிரஷ் வாங்குவேன். வாங்கிய மூன்றாவது வாரத்தில் அதன் இழைகள், மாடு படுத்தெழுந்த புல்லைப் போல இரண்டு பக்கமும் சாய்ந்துவிடும். அதை உழைப்பின் அடையாளம் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். பிரஷ் அப்படிச் சாய்ந்தால் பிடி தப்பு என்று பொருள் என்பதையும், மென்மையான இழை கொண்ட பிரஷ் மூன்று மாதம் வரை நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதையும் ஐம்பதை நெருங்கும் வயதில் தெரிந்துகொண்டேன்.

இந்தத் தேய்ப்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தால், கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம்தான் நினைவுக்கு வருகிறது. என் அப்பாயி ஓட்டை உடைசல் செங்கல்லை இடித்துச் சலித்து இரண்டு கொட்டாங்குச்சிகளில் வைத்திருப்பார். கொரகொரப்பாக இருப்பது பித்தளைக் குடத்துக்கும் குத்துவிளக்குக்கும். நைசாக இருப்பது எங்கள் பல்லுக்கு. செங்கல் பொடி தீர்ந்துபோன நாட்களில் உமிக்கரியும் உப்பும் கிடைக்கும். இரண்டு வேலைகளும் ஒரே கிணற்றடியில், ஒரே விரலால், ஒரே வேகத்தில் நடக்கும். தமிழிலும் பல்லுக்கும் பாத்திரத்துக்கும் நாம் தனித்தனி வினைச்சொல் வைத்துக்கொள்ளவில்லை. விளக்குவது, துலக்குவது, தேய்ப்பது என்று மூன்றுமே இரண்டுக்கும் பொருந்தும். பாத்திரத்தில் முகம் தெரிந்தால் அது துலங்கியது என்று அர்த்தம். பல்லிலும் அதே பளபளப்பைத் தேடினோம்.

பித்தளை துலங்குவது எப்படி என்று பார்த்தால், பல்லை ஏன் அப்படித் துலக்கக் கூடாது என்பதும் விளங்கிவிடும். குடத்தின் மேல் படிந்த களிம்பைப் புளியின் அமிலம் கரைக்கிறது, பொடியின் கொரகொரப்பு அதை வழித்தெடுக்கிறது. ஒவ்வொரு முறையும் களிம்போடு சேர்ந்து கொஞ்சம் பித்தளையும் போகிறது. அப்பாயிக்குச் சீராக வந்த குடத்தில் வெட்டியிருந்த பெயரில் இன்று கடைசி மூன்று எழுத்துகளைப் படிக்க முடியவில்லை. அறுபது ஆண்டுப் புளியும் செங்கல்லும் அவற்றை மழுக்கிவிட்டன. குடத்தின் தகடாவது தடிமனானது. எனாமல் மிகக் கனமாக இருக்கும் இடத்திலேயே இரண்டரை மில்லிமீட்டர் அளவுதான். ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதியில் அது கத்தி முனையைப் போல மெலிந்து முடிகிறது. பல் முளைத்து வெளியே வரும்போதே எனாமலை உண்டாக்கிய செல்கள் மறைந்துவிடுவதால், தேய்ந்த எனாமலை உடம்பால் மறுபடியும் வளர்க்க முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பித்தளைக்குப் புளி செய்கிற வேலையைத்தான் எலுமிச்சைச் சாறும் குளிர்பானமும் எனாமலுக்குச் செய்கின்றன. அமிலம் பட்டு மேற்பரப்பு இளகியிருக்கும் நேரத்தில் பிரஷ்ஷைப் போட்டால், புளி தடவிய குடத்தைத் தேய்த்த மாதிரிதான். புளிப்பான எதையாவது சாப்பிட்ட பிறகு வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, உமிழ்நீர் தன் வேலையைச் செய்ய அரை மணி நேரமாவது விட வேண்டும். சாப்பிட்டவுடன் பல் தேய்ப்பதை நல்லொழுக்கம் என்று நினைத்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

அப்படியென்றால் பல்லின் மேல் நாம் நீக்க வேண்டியது எதை? அதை முதன்முதலில் கண்ணால் பார்த்தவர் ஒரு துணி வியாபாரி. ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த ஆன்டனி வான் லீவன்ஹுக், தாமே இழைத்த சிறு லென்ஸ் வழியாகத் தம் பல்லிடுக்கிலிருந்து எடுத்த அழுக்கைப் பார்த்துவிட்டு, 1683ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். தினமும் காலையில் உப்பால் பல் தேய்க்கும் வழக்கம் அவருக்கு இருந்தது. அப்படியிருந்தும் பற்களுக்கு நடுவே கரைத்த மாவைப் போன்ற வெள்ளைப் பொருள் தங்குவதையும், அதற்குள் எண்ணற்ற நுண்ணுயிர்கள் துள்ளித் திரிவதையும் அதில் விவரித்தார். உப்புப் போட்டுத் தேய்த்தவர் வாயிலேயே மாவு மிஞ்சியது என்பதை, உப்பின் பெருமை பேசும் என் உறவினர்களுக்கு நான் இப்போது அடிக்கடி சொல்கிறேன்.

அந்த மாவுதான் பற்படலம். பல் மருத்துவர்கள் 'பிளேக்' என்பார்கள். சாப்பாட்டுத் துணுக்கு வேறு, இது வேறு. சுத்தம் செய்த பல்லின் மேல் சில மணி நேரத்துக்குள் பாக்டீரியாக்கள் ஒட்டத் தொடங்கி, தாமே சுரக்கும் பசையால் தம்மைச் சுற்றி ஒரு போர்வையை அமைத்துக்கொண்டு, அடுக்கடுக்காகக் குடியேறி உண்டாக்கும் ஊர் அது. நாம் சர்க்கரை தின்றால் அவையும் தின்று அமிலத்தை வெளியிடுகின்றன. அமிலம் கூடக் கூடக் குறைந்துகொண்டே போகும் அளவு பிஹெச்; அது 5.5க்குக் கீழே இறங்கியதும் எனாமலின் தாது கரையத் தொடங்குகிறது. இவ்வளவு செய்தாலும் அந்தப் படலம் மிருதுவானது. நகத்தால் சுரண்டினாலே வந்துவிடும். செங்கல்லுக்கோ என் முழங்கைப் பலத்துக்கோ அங்கே வேலையே இல்லை. ஆனால் எடுக்காமல் விட்டுவிட்டால் உமிழ்நீரில் உள்ள தாதுக்கள் அதில் படிந்து பற்காரையாக இறுகிவிடும். பிறகு அதை எந்தப் பிரஷ்ஷாலும் பெயர்க்க முடியாது. கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தில் எல்லோருக்கும் காரை கட்டுவதற்குக் காரணம், நாக்கின் அடியில் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகள் அங்கே திறப்பதுதான்.

மருத்துவர் என் வாயில் இளஞ்சிவப்புச் சாயம் ஒன்றைத் தடவி, கொப்பளிக்கச் சொல்லி, மறுபடியும் கண்ணாடியைக் கொடுத்தார். சாயம் படலத்தில் மட்டும்தான் ஒட்டும். காலையில் ஐந்து நிமிடம் தேய்த்துவிட்டு வந்த வாய் அது. பற்களின் முகப்பு முழுவதும் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆனால் ஒவ்வொரு பல்லும் ஈறோடு சேரும் இடத்தில், நகத்துக்கு மருதாணி இட்டதைப் போல ஒரு சிவப்பு வளையம் தெரிந்தது. உட்புறங்களைச் சொல்லவே வேண்டாம். கூச்சத்துக்குரிய மூன்று பற்களிலோ, பள்ளம் விழுந்த இடம் சுத்தமாகவும் அதற்கு மேலே ஈறின் ஓரம் சிவப்பாகவும் இருந்தது. தேய்க்க வேண்டாத இடத்தைத் தேய்த்துத் தீர்த்துவிட்டு, துடைக்க வேண்டிய ஒரு மில்லிமீட்டரை நாற்பது ஆண்டுகளாகத் தொடாமல் விட்டிருக்கிறேன்.

அந்த ஒரு மில்லிமீட்டர் எவ்வளவு முக்கியமானது என்பதற்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். இரண்டிலும் ஹரால்ட் லோ என்ற நார்வே நாட்டு அறிஞரின் பங்கு உண்டு. 1965இல் வெளிவந்த முதல் ஆய்வு டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் நடந்தது. நல்ல ஈறு கொண்ட 12 பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள், பல் துலக்குவதை நிறுத்தினார்கள். மூன்று வாரத்துக்குள் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் ஈறு வீங்கிச் சிவந்தது. மறுபடியும் துலக்கத் தொடங்கிய பிறகு ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. ஈறில் இரத்தம் கசிந்தால் உடம்புச் சூடு என்று சொல்லி நல்லெண்ணெய்க் குளியல் போட்டு, இரத்தம் வரும் இடத்தைப் பிரஷ் படாமல் காப்பாற்றுவது எங்கள் வீட்டு வழக்கம். செய்ய வேண்டியது நேர் எதிரானது. இரத்தம் வரும் இடத்தில்தான் படலம் இருக்கிறது. அங்கேதான் மென்மையாக, விடாமல் துடைக்க வேண்டும்.

இரண்டாவது ஆய்வு நமக்கு நெருக்கமானது. 1970ஆம் ஆண்டு தொடங்கி 1985 வரை, இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண் தொழிலாளர்களின் ஈறுகளை லோவும் அவருடைய குழுவினரும் ஆறு முறை அளந்தார்கள். அவர்கள் மலையகத் தமிழர்கள். பல் மருத்துவமோ தடுப்பு முறையோ அவர்களை எட்டியதே இல்லை. ஒப்பிடுவதற்காக ஓஸ்லோ நகரத்து ஆண்களையும் இதே போல அளந்தார்கள். தோட்டத் தொழிலாளர்களுக்குச் சொத்தை ஏறக்குறைய இல்லவே இல்லை. ஆனாலும் பற்கள் போயின, ஈறு நோயால். ஏறத்தாழ 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக முற்றியது, 81 சதவீதத்தினருக்கு மிதமாக முன்னேறியது, மிஞ்சிய 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி ஒன்றும் ஆகவில்லை. வேகமாக முற்றியவர்களுக்கு 35 வயதிலேயே பல்லைப் பிடித்திருக்கும் பற்றுத் திசு சராசரியாக 9 மில்லிமீட்டர் இழந்துபோயிருந்தது.

உலகம் முழுவதும் ஈறு நோயின் இயல்பான போக்கை விளக்கும் பாடமாக இன்றும் இந்த எண்கள் சொல்லித்தரப்படுகின்றன. பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து அளக்கும்படியாக ஒரு மக்கள் கூட்டம் பல் மருத்துவர் இல்லாமலே விடப்பட்டிருந்தது என்பதைப் படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் அந்த 11 சதவீதம் எனக்கு ஒரு புதிரை விடுவித்தது. "எங்கள் தாத்தா பிரஷ்ஷைக் கையால் தொட்டதில்லை, எண்பது வயதில் கரும்பைக் கடித்துத் தின்றார்" என்று சொல்லும் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தத் தாத்தா அந்தப் பதினொரு சதவீதத்தில் ஒருவர். அவரோடு பிறந்து, பொக்கை வாயோடு போன மற்றவர்களைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை.

இனி, செய்முறை. மருத்துவர் எனக்குக் கற்றுத்தந்த முறைக்கு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைச் சேர்ந்த சார்லஸ் பாஸ் என்பவரின் பெயர் வழங்குகிறது. 1875இல் பிறந்த அவர் பல் மருத்துவர் அல்லர்; மலேரியாவை ஆராய்ந்த பொது மருத்துவர், துலேன் மருத்துவக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு பல்லின் பக்கம் திரும்பி, 0.007 அங்குலத் தடிமனும் மழுங்கிய நுனியும் கொண்ட நைலான் இழைதான் பிரஷ்ஷுக்கு ஏற்றது என்றும், அதை ஈறின் ஓரத்தில் 45 பாகைச் சாய்வில் வைக்க வேண்டும் என்றும் வரையறுத்தார். பிரஷ்ஷைப் பல்லுக்கு நேராக வைக்காமல் ஈறை நோக்கிச் சாய்த்து வைத்தால், பாதி இழைகள் பல்லிலும் பாதி ஈறின் விளிம்பிலும் படும். நுனிகள் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள மெல்லிய பள்ளத்துக்குள் நுழையும். அந்த நிலையில் பிரஷ்ஷை இழுக்காமல், கை நடுங்குவதைப் போலச் சிறு அசைவாக ஒரு பத்துப் பதினைந்து முறை அசைத்துவிட்டு, ஈறிலிருந்து பல்லின் நுனியை நோக்கி வழித்துவிட வேண்டும். இரண்டு மூன்று பற்களை இப்படி முடித்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். முன்பற்களின் உட்புறத்துக்குப் பிரஷ்ஷைச் செங்குத்தாக நிறுத்திக்கொள்ள வேண்டும். முன்னும் பின்னுமாகத் தேய்க்கும் பழைய ஆசையைக் கடைவாய்ப்பற்களின் அரைக்கும் பரப்பில் மட்டும் தீர்த்துக்கொள்ளலாம்.

சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. முதல் வாரம் எனக்கு எழுதத் தெரியாதவன் இடது கையில் பேனா பிடித்ததைப் போல இருந்தது. பிரஷ்ஷை முஷ்டியால் பிடித்தால் தோளின் பலம் வந்துவிடுகிறது. பேனாவைப் போல விரல் நுனியில் பிடித்தால் அழுத்த நினைத்தாலும் முடிவதில்லை. இந்த ஒரு மாற்றம்தான் எனக்கு மற்ற எல்லாவற்றையும் எளிதாக்கியது. நேரமும் குறைந்தது. முன்பு ஐந்து நிமிடம் முகப்பை மட்டும் தேய்த்தவன், இப்போது இரண்டு இரண்டரை நிமிடத்தில் உள்ளும் புறமும் முடித்துவிடுகிறேன்.

பசையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பேஸ்டில் உப்பு இருக்கிறதா, கிராம்பு இருக்கிறதா, கரி இருக்கிறதா என்று தொலைக்காட்சி மாறி மாறிக் கேட்டது. ஃபுளூரைடு எத்தனை பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு, என்று அது கேட்டு நான் பார்த்ததில்லை. சொத்தையைத் தடுப்பதில் பசையின் மற்ற எல்லாப் பொருட்களையும்விட அதிகம் வேலை செய்வது ஃபுளூரைடுதான். கரையத் தொடங்கிய எனாமலில் தாது மீண்டும் படிய ஃபுளூரைடு உதவுகிறது, படிந்த தாதுவை அமிலத்துக்கு எளிதில் இளகாததாகவும் ஆக்குகிறது. இந்தியாவில் பற்பசையில் அது 1000 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்பதும், அளவை டியூபிலும் அட்டைப்பெட்டியிலும் அச்சிட வேண்டும் என்பதும் சட்டம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பற்கள் பழுப்பேறிப்போனதைப் பார்த்தவர்கள் ஃபுளூரைடு என்றதும் அஞ்சுவது நியாயம்தான். ஆனால் அங்கே நடந்தது வேறு. குழந்தைகளுக்குப் பல் உருவாகும் வயதில், அளவுக்கு மிஞ்சிய ஃபுளூரைடு கொண்ட நிலத்தடி நீரைப் பல ஆண்டுகள் குடித்ததால் வந்த பாதிப்பு அது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டதும் அதற்காகத்தான். பசையை நாம் விழுங்குவதில்லை, துப்புகிறோம். துப்பத் தெரியாத மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவும், அதற்கு மேல் ஒரு பட்டாணி அளவும் போதும். விளம்பரத்தில் பிரஷ்ஷின் நீளத்துக்கு அலை அலையாகப் பிதுக்குவது பசை சீக்கிரம் தீர்வதற்கு மட்டுமே உதவும்.

எனக்கு மிகவும் கடினமாக இருந்தது கொப்பளிக்காமல் இருப்பது. தேய்த்து முடித்தவுடன் வாயைக் கழுவிவிட்டால் ஃபுளூரைடும் போய்விடும். துப்பிவிட்டு அப்படியே விட வேண்டும் என்றார் மருத்துவர். சொம்பு சொம்பாகக் கொப்பளித்து, நாக்கை வழித்து, தெருவுக்கே கேட்கும்படி ஓங்கரித்தால்தான் பல் துலக்கிய திருப்தி வரும் என்று வளர்ந்த உடம்பு இதை ஏற்க மறுத்தது. வாயெல்லாம் எச்சிலாக இருப்பதாகத் தோன்றியது. கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தேன்: காலையில் ஒரே ஒரு கை தண்ணீர், இரவில் அதுவும் இல்லை.

இரவில் துலக்குவதே எங்கள் வீட்டில் புதிய பழக்கம். பல் விளக்காமல் காபித் தம்ளரைத் தொடக் கூடாது என்பதில் கறாராக இருந்த அம்மா, படுக்கும் முன் சர்க்கரை போட்ட பாலைக் குடித்துவிட்டுத் தூங்கச் சொல்வார். காலைத் துலக்கல் ஆசாரத்தின் பாற்பட்டது. பல்லின் கணக்கில் பார்த்தால் இரவுதான் முக்கியம். தூங்கும்போது உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடுவதால், பகலில் அமிலத்தைக் கழுவித் தணிக்கும் ஏற்பாடு இரவில் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. அந்தப் பால் அப்போது விடியும் வரை பற்களின் மேல் இருக்கும்.

இவ்வளவு செய்தாலும் இரண்டு பற்களுக்கு நடுவே பிரஷ் போகாது. லீவன்ஹுக்கின் மாவு இருந்த இடமே அதுதான். அதற்கு நூலோ இடைப்பல் பிரஷ்ஷோ வேண்டும். சட்டைப் பையில் இருக்கும் ஊக்கை எடுத்துக் குத்துவது அதற்கு மாற்று ஆகாது. அது ஈறைக் கிழிக்கும், படலத்தைத் தொடாது. ஏற்கெனவே இறுகிய காரையை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். 'கிளீன்' பண்ணினால் பல் ஆடிப்போகும் என்று என் மாமா என்னைத் தடுத்தார். காரை பிடித்த இடத்தில் எலும்பும் ஈறும் முன்பே கரைந்துபோயிருக்கும், சுண்ணாம்பு வைத்துப் பூசியதைப் போல அந்தக் காரையே பற்களை ஒட்டிவைத்திருக்கும். அதை எடுத்ததும் தெரியும் ஆட்டம் பழைய ஆட்டம்தான். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. நான் செய்துகொண்டேன்.

மூன்று பள்ளங்களையும் பல் நிறப் பூச்சால் அடைத்த பிறகு கூச்சம் போய்விட்டது. ஆறு மாதம் கழித்துப் போனபோது மருத்துவர் மறுபடியும் சாயத்தைத் தடவினார். ஈறோரத்து வளையங்கள் பெரும்பாலும் மறைந்திருந்தன. மேல்வரிசையில் இரண்டு பக்கமும் கடைசிக் கடைவாய்ப்பல்லின் கன்னத்தை ஒட்டிய பரப்பு மட்டும் பளிச்சென்று சிவந்திருந்தது. அங்கே பிரஷ் நுழையவே மாட்டேன் என்கிறது என்று முறையிட்டேன். எப்படித் தேய்க்கிறேன் என்று காட்டச் சொன்னார். 'ஆ' வென்று முழுதாக வாயைத் திறந்து காட்டினேன். அப்படித் திறந்தால் கீழ்த்தாடை எலும்பின் மேல்முனை முன்னே வந்து அந்த இடுக்கை அடைத்துவிடும், பாதி மூடிக்கொண்டு செய்யுங்கள் என்றார். பாதி மூடினேன். பிரஷ் தானாக உள்ளே போனது.